தோள் உயரத்தில் ஈரம்

வெள்ளம் நின்ற கோடு எப்போதும் மட்டமாகத்தான் இருக்கும். மேஸ்திரி இந்த மழைக்குப் பிறகு எத்தனையோ வீட்டுச் சுவர்களைக் கொத்திவிட்டார். எங்கே பார்த்தாலும் சேற்று நிறத்தில் அந்தக் கோடு நூல் பிடித்ததுபோல் நேராக ஓடும். இந்த வீட்டின் உள் அறையில் மட்டும், அவர் நேற்றுப் பூசிவிட்டுப் போன புதுப்பூச்சின் மேல், காலையில் ஓர் ஈரக்கோடு வந்திருந்தது. கட்டில் கிடந்த மூலையில் இடுப்பளவில் ஆரம்பித்து, தோள் உயரத்துக்கு ஏறி, கொஞ்சம் சரிந்து, மறுபடி ஏறி, கதவுப் பக்கமாக நாலடி வந்து நின்றுவிட்டிருந்தது.

"என்னடா இது, குடிச்சவன் போட்ட கோடு மாதிரி?" என்று சுவரையே கேட்டார்.

சுவரோடு பேசுவது அவருக்குப் பழக்கம். ஆளில்லாத வீட்டில் வாயை மூடிக்கொண்டு வேலை செய்தால் பயம் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும் என்பது அவர் எண்ணம். சாந்தைத் திட்டுவார், மட்டப்பலகையைக் கொஞ்சுவார். மாலையில் கைகால் கழுவிக்கொண்டு கிளம்பும்போது, உறவுக்காரர்களிடம் சொல்வதுபோல வீட்டைப் பார்த்து "வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கதவைச் சாத்துவார். "போறேன்" என்று சொல்லி அவருக்குப் பழக்கமே இல்லை.

வெள்ளத்துக்குப் பிறகு கூலிக்கு ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பாகிவிட்டதால் தனியாளாகத்தான் வேலை. ஆனாலும் இந்த வீட்டை அவர் ஆசையோடு செய்தார். அவருடைய வீட்டை ஆறு அடித்துக்கொண்டு போய்விட்டது. மனைவியும் மகளும் மேட்டுத் தெருவில் மச்சானுடைய தச்சுப் பட்டறையில், பலகைகளுக்கு நடுவே படுத்துக்கொள்கிறார்கள். மரத்தூள் பட்டுப் பாப்பா இரவெல்லாம் இருமுகிறாள். அந்த இருமலைக் கேட்கும்போதெல்லாம் அவருக்கு நெஞ்சைப் பிசையும். அப்படி இருக்கையில்தான் வீட்டுக்காரர் போனில் சொன்னார்: "நான் இனி அந்த வீட்டுக்கு வர்றதா இல்ல மேஸ்திரி. சரி பண்ணிட்டு நீங்களே குடும்பத்தோட இருந்துக்கோங்க." யாராவது வேண்டாம் என்பார்களா?

ஈரம் கண்ட பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி பூசினார். அந்த அறையில் சேற்று வாடை அடிக்கவில்லை. காயாத மெத்தையும் பழைய தைலமும் கலந்த, யாரோ வெகுநாள் படுத்துக் கிடந்த வாடை, ஜன்னலைத் திறந்து வைத்தாலும் வெளியே போகாமல் சட்டையில் ஏறிக்கொண்டது. அன்று மாலை வழக்கம்போல "வரேன்" என்று கதவை இழுத்தபோது உள்ளிருந்து மெல்லிய குரல் ஒன்று கேட்டது.

"வா."

தெருவில் யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நடந்தார். தெருவில் யாரும் இல்லை என்பதைப் பாதி வழியில்தான் உணர்ந்தார்.

மறுநாள் கோடு மறுபடி வந்து, இன்னும் நீண்டிருந்தது. கதவுக்கு ஒரு முழம்தான் பாக்கி. உப்புப் பூக்கிறது, செங்கல் தண்ணீர் குடித்திருக்கிறது என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு நாள் முழுக்க வேலை பார்த்தார். முதுகு வலிக்க, அந்தச் சுவரிலேயே சற்றுச் சாய்ந்து நின்றார். நிமிர்ந்து திரும்பியபோது, வியர்வையில் நனைந்த அவர் சட்டை சுவரில் ஓர் ஈரத்தடத்தை விட்டிருந்தது.

அதே அகலம். அதே உயரம். பக்கத்திலேயே அந்தக் கோடு.

இது தண்ணீர் நின்ற கோடு இல்லை. நிற்கக்கூடத் தெம்பில்லாத ஒருவர், நனைந்த தோளைச் சுவரில் சாய்த்து, தேய்த்துத் தேய்த்து, கதவை நோக்கி வந்த தடம்.

வெளிவாசலுக்கு வந்துதான் வீட்டுக்காரருக்குப் போன் போட்டார்.

"சார், உள் ரூம்ல யாரு இருந்தாங்க?"



"அப்பா. எழுந்து நடக்க மாட்டாரு. கட்டிலோட தூக்க என் ஒருத்தனால முடியல மேஸ்திரி. ஆள் கூட்டிட்டு வரேன்ப்பான்னு சொல்லிட்டு ஓடினேன். அதுக்குள்ள தண்ணி..."

"அவரு எதாவது சொன்னாரா?"

"'வா'ன்னாரு. அவ்வளவுதான்."

மேஸ்திரி போனை வைத்தார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், தினம் தினம், மகன் சொன்ன அதே வார்த்தையை அந்த அறையில் காத்துக் கிடந்தவரிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறோமே! பாப்பாவைக் கொண்டுவந்து படுக்கவைக்க இருந்த அறை. வேண்டவே வேண்டாம். இருமினாலும் பட்டறையிலேயே கிடக்கட்டும்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பூச்சுக் கரண்டியும் மட்டப்பலகையும் உள்ளே கிடந்தன. கிடக்கட்டும். வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாக, தனக்குப் பழக்கமில்லாத அந்த வார்த்தையைச் சொன்னார்.

"ஐயா, நான் உங்க பையன் இல்ல. நான் போறேன். இனிமே வரமாட்டேன்."

உள்ளே ஏதோ சுவரில் உரசியது. நின்றது. பிறகு, உள் அறையிலிருந்து அல்ல, கதவுக்கு வெகு அருகிலிருந்து, களைத்துப்போன குரல் சொன்னது.

"சரிப்பா. வரேன்."

மேஸ்திரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. விடைபெற்றுக்கொண்டார் பெரியவர்! எல்லோரும் அப்படிச் சொல்லித்தானே கிளம்புகிறோம். பாவம், யாராவது உண்மையைச் சொல்லட்டும் என்றுதான் காத்திருந்தாரோ என்னவோ. ஈரச் செருப்பு சளக் சளக்கென்று அடிக்க மேட்டுத் தெரு ஏறினார். சத்தம் இரட்டையாகக் கேட்டதை அவர் பொருட்படுத்தவில்லை. மச்சானிடம் கேட்டு ஒரு மூலையைத் தடுத்துச் சுவர் எழுப்பிவிட்டால் மரத்தூள் வராது என்றுகூட யோசித்தார். வழியில் வேர்க்கடலை விற்றவனிடம் நின்று, பாப்பாவுக்கு ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டார். நின்றபோது, அந்த இன்னொரு சத்தம் நிற்காமல் முன்னே போனது.

தெருக்குழாயில் மனைவி குடத்தோடு நின்றிருந்தாள்.

"என்னங்க இன்னிக்கு முகமெல்லாம் சிரிப்பு? பாப்பா தூங்குறா. அதிசயமா இருமவே இல்ல. நீங்க முன்னால போங்க, நான் வரேன்."

வரேன்.

அந்தச் சொல் அவர் காதில் தங்கிவிட்டது. போகிறவரும் வரேன் என்றுதான் சொல்வார். வருகிறவரும்.

ஓடினார்.

பட்டறைக் கதவு திறந்திருந்தது. மரத்தூள் வாடை இல்லை. மெத்தை. தைலம். கதவு நிலையிலேயே ஈரம் ஆரம்பித்திருந்தது. தோள் உயரம். பலகைகளின் மேல், கோணலாக, உள்ளே. மூலைவரை. அங்கே கீழே சரிந்து இறங்கியது.

மூலையில் பாப்பாவின் பாய்.

பாயைச் சுற்றி மரத்தூள் நனைந்து கறுத்திருந்தது. தலையோடு கால் போர்த்திய போர்வை. இருமல் இல்லை.

"பாப்பா?"

போர்வைக்கு வெளியே அவளுடைய சின்னக் கை. அதைப் பற்றியிருந்த இன்னொரு கை ஊறி வெளுத்திருந்தது.

போர்வை மெல்ல ஓரம் விலகி, அவருக்கும் இடம் விட்டது.

"வா."