கொசுப்பாட்டுக்கு ஒரு புதுச் சிரிப்பு

பந்தியில் பாயசம் வந்துகொண்டிருந்தபோது ஜெசிந்தா செருப்போடு மண்டபத்துக்குள் ஓடினாள். எதிரே வந்த சாம்பார் வாளியில் மோதினாள். சேலையில் கொட்டியதைத் துடைக்கக்கூட நிற்கவில்லை. மேடைக்குப் பக்கத்தில் பெரிய திரை ஒன்று இருந்தது. அதன் ஸ்விட்சில் கைவைத்திருந்தார் மாப்பிள்ளையின் பெரியப்பா கோயில்பிள்ளை.

"அணைச்சிராதிய அண்ணாச்சி. என் பாட்டு ஒண்ணு இருக்கு."

சிரிப்புப் பந்தி முடிந்துவிட்டதே என்றார் அவர். வெள்ளத்தில் பஸ் நின்றுவிட்டது, முழங்கால் தண்ணீரில் நடந்து வருகிறேன் என்றாள் ஜெசிந்தா. அவளுக்கு மூச்சு வாங்கியது.

இப்போதெல்லாம் திருநெல்வேலிப் பக்கம் சாப்பாட்டுப் பந்திக்கு முன்னால் சிரிப்புப் பந்தி என்று ஒன்று நடக்காமல் எந்தக் கல்யாணமும் முடிவதில்லை. மாப்பிள்ளை வீட்டார் தங்கள் வீட்டுப் பழைய வேடிக்கைப் பாட்டு வீடியோக்களைப் போடுவார்கள். பெண் வீட்டார் உட்கார்ந்து சிரிப்பார்கள். பிறகு இவர்கள் போட, அவர்கள் சிரிப்பார்கள். பெண் பார்க்கும்போதே சிலர் விசாரித்துவிடுகிறார்கள்: உங்கள் பக்கம் நன்றாகச் சிரிக்கிற ஆட்கள் உண்டா?

எல்லாம் மின்சாரப் பஞ்சம் செய்த வேலை. உலகத்தின் படங்களையும் பாட்டுகளையும் வைத்திருக்கும் நினைவுக் கிடங்குகள் ஊர் ஊராக மின்சாரத்தைக் குடித்தன. வீட்டிலேயே படங்களைச் சேமிக்கும் தட்டுகளை எப்போதோ ஒழித்தாகிவிட்டது. கையில் இருக்கும் போன் வெறும் கண்ணாடி. கிடங்கு காட்டினால் தெரியும், இல்லாவிட்டால் இல்லை. அப்போதுதான் பயன் சட்டம் வந்தது. எது எதற்காகச் செய்யப்பட்டதோ அந்த வேலையைச் செய்தால் மட்டுமே அதற்கு மின்சாரம். வேடிக்கைப் பாட்டு என்றால் ஆண்டுக்கு ஒரு புது ஆளையாவது சிரிக்க வைக்க வேண்டும். எல்லோர் மணிக்கட்டிலும் இருக்கும் உணர்பட்டை சிரிப்பை அளந்து சொல்லும். நடிப்புச் சிரிப்புக்குச் சிவப்பு, நிஜச் சிரிப்புக்குப் பச்சை. ஒருவர் சிரிப்பு ஒரு பாட்டுக்கு ஒரு தடவைதான் செல்லும். பச்சை விழாத பாட்டு தவணை நாளில் அழிந்துவிடும்.

ஜெசிந்தாவின் பாட்டுக்கு இன்று பொழுது சாயும்வரை தவணை. சொந்தம், தெரு, சர்ச், ரயிலில் எதிரே உட்கார்ந்தவர்கள் என்று எல்லோருடைய சிரிப்பையும் அவள் எப்போதோ வாங்கித் தீர்த்துவிட்டாள். பெண் வீட்டார் நாகப்பட்டினத்துக்காரர்கள். புது ஆட்கள். அதை நம்பித்தான் வந்திருந்தாள்.

கோயில்பிள்ளை முனகிக்கொண்டே பாட்டைப் போட்டார்.

திரையில் அவள் புருஷன் லாசர், இளவயசு லாசர், தலையில் சாதம் வடிக்கும் தட்டைக் கவிழ்த்துக்கொண்டு நின்றான். தோளில் கொசுவலை. கையில் கொசு பேட், அதையே கிட்டார் மாதிரி பிடித்திருந்தான்.

கடிக்கத்தான் வந்தே, கடிச்சிட்டுப் போயேன்
காதுக்குள்ள கச்சேரி எதுக்கு மகராசி?

நாகப்பட்டினத்துக்காரர்கள் மரியாதை தெரிந்தவர்கள். சம்பந்தி வீட்டுப் பாட்டுக்குச் சிரிக்காவிட்டால் குறையாகிவிடும் என்று எல்லோரும் ஒன்றாகச் சிரித்தார்கள். மண்டபமே அதிர்ந்தது. மணிக்கட்டுகளில் மட்டும் வரிசையாகச் சிவப்பு.

"கொசுன்னா என்னங்க?" என்று வாலிபன் ஒருவன் பணிவாகக் கேட்டான்.

கொசு இனத்தையே மரபணு மருந்தால் அழித்து வெகுகாலமாகிறது. ரத்தம் குடிக்கும் பூச்சி, அதற்கு முன்னால் காதில் வந்து பாடும், அடித்தால் நம் கன்னத்தில்தான் விழும் என்று ஜெசிந்தா கையை ஆட்டி ஆட்டி விளக்கினாள். பாவம், ரொம்பக் கஷ்டப்பட்டிருப்பீர்கள் என்றான் அவன். உண்மையாகவே இரக்கப்பட்டான். சிவப்பு அப்படியே இருந்தது.

கோயில்பிள்ளை ஸ்விட்சுக்குக் கையை நீட்டினார்.

"விட்ருட்டி. பாடின லாசரே இத மறந்துட்டான். இந்தப் பாட்டச் சொன்னாலே எந்திச்சு வெளிய போயிருதான். ஒனக்கு மட்டும் என்னத்துக்கு இம்புட்டு வீம்பு? புருசன்தான் குத்துக்கல்லு மாதிரி வீட்ல இருக்கான்லா, வேற பாட்டுப் பாடச் சொல்லு."

இன்னொரு தடவை மட்டும் போடுங்கள் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். சாம்பார் வாசனையோடு ஒரு பெண்பிள்ளை இப்படிக் கெஞ்சுவது அவருக்கே சங்கடமாக இருந்தது. போட்டார்.

கைகழுவப் போய்த் திரும்பிய கல்யாணப்பெண் எப்சி, திரையைத் தாண்டும்போது நின்றாள். லாசர் பேட்டை வீசி, தன் தலைத்தட்டையே அடித்துக் கீழே தள்ளும் இடம். கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு குழந்தை சிரித்தது. விக்கலும் சிரிப்புமாக, மூச்சை உள்ளே இழுத்து, அடக்கப் பார்த்து, அடக்க முடியாமல். படம் குலுங்கியது.

எப்சி உதட்டைக் கடித்தாள். பலிக்கவில்லை. கையிலிருந்த பூச்செண்டு நழுவ, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்தக் குழந்தை மாதிரியே விக்கி விக்கிச் சிரித்தாள். தோழிகள் வந்து தாங்கிக்கொண்டார்கள். அவள் மணிக்கட்டில் பட்டை பச்சையாக மினுங்கியது.

ஜெசிந்தா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். இன்னும் ஒரு வருஷம்.

எப்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு அருகே வந்து உட்கார்ந்தாள்.

"பாட்டு எனக்குப் புரியவே இல்ல அத்தை. அந்தப் புள்ள சிரிச்சதுதான். யாரு அது?"

"எம் மவ. பியூலா."

"இப்ப பெரியவங்களா ஆயிருப்பாங்கல்ல? வீட்டுக்கு அழைச்சிட்டு வாங்க. அந்தச் சிரிப்ப நான் நேர்ல கேக்கணும்."

இந்தக் கேள்விக்கு ஜெசிந்தாவிடம் தயாராக ஒரு பதில் உண்டு. வெளியூரில் வேலை பார்க்கிறாள் என்பாள். உள்ளதைச் சொன்னால் அப்புறம் யார் சிரிப்பார்கள்? விஷயம் பரவினால் கேட்டவர் ஊரில் இன்னொரு சிரிப்பு கிடைக்குமா? சொந்தக்காரர்கள்கூட அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. ஆனால் இத்தனை காலம் பச்சை கொடுத்தவர்கள் எல்லாம் லாசரைப் பார்த்துச் சிரித்தவர்கள். பியூலாவோடு சேர்ந்து சிரித்தவள் இவள் ஒருத்திதான். இவளிடம் பொய் வரவில்லை.

அவள் எப்சியின் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"பாட்டு எடுத்த அந்த மழைக்காலத்துலயே அவளுக்குக் கொசுக்காய்ச்சல் வந்துட்டும்மா. பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் தூக்கிட்டு ஓடினோம். அவ குரல்னு எங்ககிட்ட இருக்கது அந்தச் சிரிப்பு மட்டுந்தான்."