கால் இல்லாத வாத்துகள்

உழுபவரும் ஓவியர்; பால் கறப்பவரும் ஓவியர்; பேருந்து ஓட்டுபவரும் ஓவியர்! திராவா ஆற்றங்கரையில் உள்ள எங்கள் ஊரில் தூரிகை எவருக்கும் தனிச்சொத்து அன்று. இலையுதிர் காலம் வந்தால், தீயணைப்பு நிலையத்து வண்டியை வெளியே தள்ளிவிட்டு, அந்தக் கூடத்தில் ஊராரின் ஓவியங்களை மாட்டுவோம். ஆளுக்கு ஓர் ஆணி.

பத்து வயது டூன்யாவுக்கு இந்த ஆண்டுதான் முதல் ஆணி கிடைத்திருந்தது.

நாங்கள் கண்ணாடியின் பின்புறத்தில் தீட்டுவோம். முன்னே தெரிய வேண்டியதை முதலில் தீட்ட வேண்டும்; பின்னே இருப்பதைக் கடைசியில் பூச வேண்டும். மறந்துபோனதைப் பிறகு சேர்த்தால், அது மற்ற வண்ணங்களுக்குப் பின்னால் மறைந்துவிடும்.

டூன்யா முதலில் வெள்ளை வாத்துகளைத் தீட்டி, நன்றாகக் காயவைத்தாள். கண்காட்சிக்கு முந்தைய நாள்தான் பச்சைப் புல்லையும் சாம்பல் வானத்தையும் பூசினாள். மறுநாள் காலையில் வந்த பக்கத்து வீட்டு விங்கோ கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தான்.

"ஏய் டூன்யா, உன் வாத்துங்களுக்குக் கால் எங்கடி? அடகு வச்சிட்டியா?"

"போடா!" என்று சிரித்தவள் குனிந்து பார்த்தாள். சிரிப்பு நின்றது. ஒரு வாத்துக்கும் கால் இல்லை!

பால் வாளியோடு வந்த அம்மா பாரிட்சா, படத்தைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தாள்.

"பச்சையத் துடைச்சிட்டுக் கால் போடலாமாம்மா?"

"போடலாம் கண்ணு. ஆனா கால் காயாம பச்சையப் பூசினா ரெண்டும் குழம்பிடுமே."

"சாயங்காலமே மாட்டணும்மா! என் ஆணி மட்டும் சும்மாவா இருக்கும்?"

அம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அழுதாலும் வேலை காத்திருக்குமா? டூன்யா கண்ணைத் துடைத்துக்கொண்டு வாத்துக் கூண்டைத் திறக்கப் போனாள். ஆற்றிலிருந்து எழுந்த மூடுபனி முற்றத்தில் தரையோடு தரையாகப் படர்ந்திருந்தது. வாத்துகள் வரிசையாக வெளியே வந்தன. கழுத்து தெரிந்தது, வயிறு தெரிந்தது. கால்?

"அம்மா! நம்ம வாத்துக்கும் கால் இல்ல!" என்று கத்திக்கொண்டே வீட்டுக்குள் ஓடினாள்.

வண்ணம் கரைக்கும் டர்பன்டைன் தொட்ட துணியால் படத்து வாத்துகளின் வயிற்றுக்குக் கீழே இருந்த பச்சையைத் துடைத்தாள். பச்சை ஈரமாக இருந்ததால் வழித்துக்கொண்டு வந்தது. காய்ந்த வாத்துகள் அசையவில்லை. வெள்ளையில் சாம்பலைத் துளி கலந்து, அந்த இடமெங்கும் மெல்ல ஒற்றினாள். ஒரே பூச்சு. மூடுபனி இறங்கிவிட்டது.

மாலையில், படங்களை மாட்டிக்கொண்டிருந்த தீயணைப்புத் தலைவர் பிளாஷிடம் சட்டமிட்ட படத்தை நீட்டினாள்.

"பின்னாடி ஈரம் மாமா. பாத்துத் தூக்குங்க."

மாட்டிவிட்டு அவர் ஓரடி பின்னால் நகர்ந்து பார்த்தார்.

"அட, இன்னிக்குக் காலைல நான் சைக்கிளோட வாத்து மேல மோதப் பாத்தேனே, அதே பனி!" என்றார் அவர். "பாக்கப் பாக்கக் குளிருது பொண்ணே!"



விங்கோ மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. "ஏமாத்து வேலை! காலை எங்கயோ ஒளிச்சு வச்சிருக்கா!" என்று சட்டத்தைச் சற்றே தூக்கி, முகத்தைப் பின்னால் நுழைத்துப் பார்த்தான். வெளியே எடுத்தபோது மூக்கு முழுதும் வெள்ளை.

"கிடைச்சுதாடா?" என்று கேட்டாள் டூன்யா.

கூடமே சிரித்தது, விங்கோவும்தான். அவன் மூக்கைத் துடைக்கக் கைக்குட்டையை நீட்டியவளும் டூன்யாவே.