வேரை அறுத்தவள்

இட்லித் தட்டைக் கையில் ஏந்தியபடி குணசுந்தரி சமையலறை வாசலிலேயே நின்றாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

முற்றத்தில் அவள் கணவன் எத்திராஜ் குந்தியிருந்தான். எதிரில் அவனுடைய அண்ணி முத்தம்மா. இருவருக்கும் நடுவில் ஒரு நீலப் பீங்கான் தொட்டி. அதில் ஒன்றரைச் சாண் உயரத்துக்கு ஒரு குட்டி மரம். இலை உதிராத ஜாதி. கோடையிலும் பச்சை, மழையிலும் பச்சை.

"இன்னா அண்ணி, எல மஞ்சாக் கட்டுது? நேத்து தண்ணி ஊத்தினியா?"

"ரெண்டு வேளையும் ஊத்திக்கினுதாம்பா கீறேன். இன்னா கேடோ தெரியலியே..."

சரக்குக் கப்பலில் கொதிகலன் பார்த்த எத்திராஜின் அண்ணன் வெள்ளத்துரை, சிங்கப்பூரில் ஒரு சீனாக்காரனிடம் வாங்கி வந்த மரம் அது. யுத்தத்தின்போது அவன் கப்பல் மூழ்கியது. உடல்கூட வரவில்லை. பதினோரு வருஷமாக ராயபுரத்து அந்த வீட்டில் அவன் மிச்சம் என்றால் அந்த மரமும் முத்தம்மாவும்தான். அண்ணி கைச்சோற்றில் வளர்ந்த எத்திராஜுக்கு அவள் தாய்க்குச் சமம்.

குணசுந்தரிக்கு அது தெரியும். கணவன் மேல் ஒரு துளி சந்தேகம் கிடையாது. ஆனால் பொறாமை, சந்தேகத்தின் அனுமதி கேட்டுக்கொண்டா வருகிறது? துறைமுகத்துக்குக் கிரேன் ஓட்டப் போகுமுன் அவன் வீட்டில் இருக்கும் அந்த ஒரு மணி நேரமும், கல்யாணமான ஏழு வருஷமாக, மரத்துக்கும் அண்ணிக்கும்தான் போயிற்று. அவளுக்குக் கிடைத்தது, "சீக்கிரம் வை, நேரமாவுது" என்ற ஒற்றைச் சொல்.

"அது தண்ணிக்கு அழுவுலய்யா" என்றாள் குணசுந்தரி. "வேர் சுத்திக்கினு கீது. தொட்டிய வுட்டு எடுத்து, வேரக் கத்திரிச்சி, புது மண்ணு போடணும். எங்க நைனா பங்களாவுல தோட்டக்காரரு, அப்படித்தான் செய்வாரு."

எத்திராஜ் விருட்டென்று எழுந்தான். "வேர வெட்டினா மரம் பொழைக்குமா? ‘இந்த மரம் பட்டுப் போனாத்தான் எனக்கு வாழ்வு’ன்னு போன தீவாளிக்குச் சொன்னவதானே நீ! உன் மனசு எனக்குத் தெரியாதா?"

அது ஆத்திரத்தில் சொன்ன சொல்தான். ஆனால் சொன்னது சொன்னதுதானே!

அவன் போன பிறகு முத்தம்மா மெதுவாக அருகில் வந்தாள். "மெய்யாலுமே பொழைக்குமா சுந்தரி?"

குணசுந்தரி தொட்டியைச் சாய்த்துக் காட்டினாள். அடித்துளை வழியே வேர்கள் பிதுங்கியிருந்தன. "உள்ள மண்ணே இல்லக்கா. வேரு வேரையே நெருக்கிக் கொல்லுது. ஊத்துற தண்ணி ஓரமா ஓடிப் பூடுது. இந்த மழைக்காலத்த வுட்டா அப்புறம் முடியாது."

முத்தம்மா பிதுங்கிய வேரை விரலால் தொட்டுப் பார்த்தாள். "செய்யி. அவன் கேட்டா நாந்தான் சொன்னேன்னு சொல்றேன்" என்றாள். சொல்லிவிட்டு, பார்க்கத் தாங்காமல் உள்ளே போய்விட்டாள்.

குணசுந்தரி தொட்டியின் ஓரமாகக் கத்தியை ஓட்டி மரத்தை வெளியே எடுத்தாள். வேர்கள் தேங்காய் நார்போல் சுற்றிச் சுற்றி இறுகியிருந்தன. குச்சியால் கோதிப் பிரித்தாள். கறுத்து அழுகியதையும், சுருண்டு நீண்டதையும் கத்தரித்தாள். செம்மண்ணும் சலித்த மணலும் மக்கிய இலையும் கலந்து வைத்திருந்தாள். இத்தனை நாள் எதிரியாக நினைத்த மரம் கைக்குள் அடங்கியபோது, அதை ஒரு கணம் மார்போடு அணைத்துக்கொண்டாள். இதுவும் என்னை மாதிரி இடமில்லாமல் தவித்ததுதானே!

காலையில் பெய்த மழைக்குத் துறைமுகத்தில் வேலை நின்றதால், அன்று பார்த்து எத்திராஜ் நடுப்பகலிலேயே திரும்பிவிட்டான்.

சாக்கின்மேல் வெட்டுண்ட வேர்கள். மனைவி கையில் கத்தரிக்கோல்.

"அடிப்பாவி...! எங்க அண்ணன ரெண்டாந்தரம் கொன்னுட்டியேடி!"

அவன் போட்ட கூச்சலில், தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் வாசலில் கூடிவிட்டார்கள். "பாருங்கம்மா... இந்தக் கொலகாரிய நல்லாப் பாருங்க!" என்றவன், வீட்டுப் பக்கம் திரும்பினான். "அண்ணி! இது உனக்குத் தெரியுமா?"

நிலையைப் பிடித்தபடி முத்தம்மா நின்றாள். குணசுந்தரி நம்பிக்கையோடு அவள் முகத்தைப் பார்த்தாள்.

"எனக்கு... எனக்கு இன்னாப்பா தெரியும்? நான் உள்ள கீறேன்..."

குணசுந்தரி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். ஒரு வார்த்தை போதும், உண்மை வெளியே வந்துவிடும். ஆனால் தாயாக நினைத்தவள் பொய் சொன்னாள் என்று தெரிந்தால் இவன் என்ன ஆவான்? இவன் தரும் மதிப்பும் போய்விட்டால், அந்த விதவைக்கு இந்த உலகத்தில் வேறென்ன இருக்கிறது?

"நாந்தான் செஞ்சேன்" என்றாள். பிறகு, அவன் கத்திக்கொண்டிருக்கும்போதே குனிந்து வேர்களின் மேல் மண்ணை அணைத்தாள். வேர் காய்ந்துவிடக் கூடாதே! மரம் ஆடாமல் கயிற்றால் கட்டி, காற்றுப் படாத சுவரோரமாக நிழலில் வைத்தாள்.

அதன்பின் எத்திராஜ் அவளோடு பேசவில்லை. அவள் கைச்சோற்றைத் தொடவில்லை, முத்தம்மாதான் பரிமாறினாள். குழாயடியில் பெண்கள் விலகி நின்றார்கள். மரத்திலோ பாதி இலை உதிர்ந்துவிட்டது. தினமும் குணசுந்தரி மிச்ச இலைகளின்மேல் கையால் நீர் தெளிப்பாள். கண்ணீரைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு போய்விடுவாள்.

ஐந்து வாரம் கழிந்தது. ஒரு காலை, எத்திராஜ் சாப்பிட உட்கார்ந்திருந்தான். முற்றத்திலிருந்து ஓடிவந்த முத்தம்மா அவன் எதிரில் அப்படியே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

"துளிர் வுட்டிருக்குடா எத்தி! கொப்புக்குக் கொப்பு துளிர்! நாந்தான்டா அவள வெட்டச் சொன்னேன்... நாந்தான்டா பாவி!"

எத்திராஜின் கையிலிருந்த சோறு உதிர்ந்தது. "இன்னா அண்ணி சொல்ற?"

"பொறாமைடா! அவ புருசன் பொழுது சாஞ்சா வூட்டுக்கு வர்றான். எனக்கு வந்தது ஒரு தொட்டிதானே! நீ அவளத் திட்டினப்ப, ‘நீயும் கொஞ்சம் தனியா நின்னு பாருடி’ன்னு என் மனசு குளுந்து போச்சி... அப்புறம் வாயத் தொறக்கப் பயம். தெனம் உனக்குச் சோறு போட்டேனே, ஒரு வாய் என் தொண்டையில எறங்கலடா!"

எத்திராஜ் மனைவியை ஏறிட்டான். "நீ... நீ ஏன்டி சொல்லல?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?"

அவன் எழுந்து, கை கழுவாமலேயே வெளியே போனான்.

முத்தம்மா தன் இரண்டு புடவைகளை மூட்டையாகக் கட்டினாள். "நெட்டுக்குப்பத்துல தம்பி வூடு கீது. நான் போறேன் சுந்தரி. உன் மூஞ்சில முழிக்க எனக்கு யோக்கியத இல்ல."

குணசுந்தரி மூட்டையைப் பிடுங்கிக் கட்டிலில் எறிந்தாள்.

"எங்க போற? பொறாமை உனக்கு மட்டுந்தான் வந்துச்சா? ஏழு வருசமா நான் இந்த வூட்டுல அதத்தானே தின்னுக்கினு கெடந்தேன்! போனாப் போவட்டும்க்கா... மூணு வருசங் கழிச்சி மறுபடியும் வேர் வெட்டணும். நான் வெட்டும்போது மரத்தப் புடிச்சிக்க ஒரு ஆள் வோணாமா?"

முத்தம்மா கதறிக்கொண்டு அவளைக் கட்டிக்கொண்டாள். ஐந்து வாரமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் குணசுந்தரிக்கும் அப்போதுதான் உடைந்து வந்தது.

அந்த நேரம் தெருக்குழாய்ப் பக்கமிருந்து எத்திராஜின் குரல் கேட்டது. சாப்பிட்ட கையோடு அத்தனை பெண்களுக்கும் நடுவில் நின்றிருந்தான்.

"எல்லாரும் கேட்டுக்கங்க! என் பொண்டாட்டி கொலகாரி இல்ல. எங்க அண்ணன் மரத்தக் காப்பாத்தினவ அவதான்! கண்ணு இருந்தும் குருடனா இருந்தவன் நான்... தெருவுல வச்சித் திட்டினேன், தெருவுலியே மன்னிப்புக் கேக்கறேன்!"

முத்தம்மாவின் தோளிலிருந்து முகத்தை எடுக்காமலேயே குணசுந்தரி குரல் கொடுத்தாள். அழுகையும் சிரிப்புமாக வந்தது அந்தக் குரல்.

"போதும்யா... உள்ள வா! மொதல்ல கையக் கழுவு!"