ஊர் கேட்காத பெயர்

காலை 10.40. ரேடியோ நிலையத்தில் ஆலோசனை நிகழ்ச்சி பாதியில் நின்றுபோயிருந்தது. அதை நடத்தும் அக்கா தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். 'புருஷன் அடிக்கிறான்' என்று முந்தின நாள் போனில் ரகசியமாக அழுத ஒரு பெண்ணின் பெயர், இன்று மைக்கில் வாய்தவறி வந்துவிட்டது. இரண்டாவது நிமிடமே நம்பர் மறைத்த ஒரு போன். கரகரத்த குரல்.

"நீ சொன்னது என் பொண்டாட்டி பேரு. ஊர் சிரிக்க வெச்சிட்டியே! அவ வீட்டுக்கு வரட்டும், இருக்கு அவளுக்கு!"

அந்தப் பெயரை நானும் இங்கே எழுதப்போவதில்லை. பட்டது போதும்.

வீட்டு ரேடியோவில் நிகழ்ச்சி பாதியில் நின்றதைக் கேட்டு, முதலாளியின் அத்தை 10.55-க்கு வந்து இறங்கினார். ஓய்வுபெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர். முதலாளியே ஆனாலும் அண்ணன் மகன் அவருக்கு அரை டிக்கெட்தான். வரவேற்பறை ஸ்பீக்கரில் செய்தி வாசிப்பவர் நன்றி சொல்லி முடித்துவிட்டார். வாசல் காவலரின் ரேடியோவிலோ அவர் இன்னும் மழை நிலவரம் சொல்லிக்கொண்டிருந்தார். அத்தை நின்று இரண்டையும் கேட்டார்.

"அந்தப் பொண்ணு எங்க இருக்கான்னே தெரியல அத்தை," என்றார் முதலாளி, நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டு. "ரெண்டு நிலையத்துல பாட்டு நிலையத்தத்தான் மூடறதா இருந்தேன். இப்போ இந்தப் பேச்சு நிலையத்த இழுத்து மூடறேன்."

"சும்மா இருடா. ஏம்மா, என்ன பேரு சொன்ன?"

அக்கா காதோடு சொன்னாள். "அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான்தான் மேடம் காரணம்."

டெக்னீஷியன் பெண் மூக்கை உறிஞ்சினாள். "நான் பட்டன அமுக்கினேன் மேடம். சத்தியமா அமுக்கினேன்."

"அமுக்கியிருந்தா அந்த ஆளுக்கு எப்படிக் கேட்டுச்சு?" முதலாளி எரிந்து விழுந்தார்.

11.10. எதிர் அறையில் பாட்டு நிலையம். கம்ப்யூட்டர் அதுபாட்டுக்குப் பாட்டுப் போட, 'தேன்குரல்' என்று பேரெடுத்த அறிவிப்பாளர் கால்மேல் கால் போட்டிருந்தார்.

"அந்தப் பேரு உங்களுக்குக் கேட்டுச்சா?"

"வராந்தா ஸ்பீக்கர்ல கேட்டுச்சே. எனக்கு மட்டுமா? ஊருக்கே கேட்டுச்சு. பாவம்."

"நீங்க இங்க மைக்ல பேசினா?"

"அந்த நிமிஷமே ஊருக்குப் போயிடும். அதானே ரேடியோ?"

"அதானே," என்றார் அத்தை.

11.20. எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"நான் ஆரம்பத்துலேர்ந்து நிகழ்ச்சியக் கேட்டேன். ஒரு பேரும் என் காதுல விழல. அதனாலதான் என்ன பேருன்னு கேட்டேன். பேச்சு நிலையத்துல பேசறது ஒரு மெஷின் வழியா ஏழு விநாடி கழிச்சுதான் வெளிய போகுது. தப்பா ஏதாவது வந்தா அதுக்குள்ள வெட்டத்தான் அந்தப் பட்டன். இவ வெட்டிட்டா. ஆனா கட்டடத்து ஸ்பீக்கர் நேரா ஸ்டூடியோவுலேர்ந்து வருது. அப்போ அந்தப் பேரு உள்ள இருந்தவங்களுக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். புருஷன்னு போன் பண்ணினவனும் உள்ள இருந்தவன்தான். அந்த மெஷின வாங்கினவன் நீ. அமுக்கினவ இவ. அக்காவுக்கும் அது தெரியும். வாசல்காரர் கேட்டது ரேடியோவ. ஊருக்கே கேட்டுச்சுன்னு நம்பினவர் ஒருத்தர்தான். அவர் பாட்டு நிலையத்துல இந்த மெஷினே கிடையாது."

எல்லோரும் தேன்குரலைப் பார்த்தார்கள்.

"என் நிலையத்த மூடிட்டா நான் எங்க மேடம் போவேன்?" என்றார் அவர். குரலில் தேனைக் காணோம்.

"அதுக்கு ஒரு பொண்ணு உயிரோட விளையாடுவியா?" என்றார் அத்தை.

அக்கா அவர் பக்கமே திரும்பவில்லை. ஓடிப்போய் டெக்னீஷியனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அழுகையும் சிரிப்புமாக வந்தது.

"அவ தப்பிச்சா! உன்னாலதாம்மா தப்பிச்சா!"

அந்தப் பெண் மெல்லக் கைகளை விடுவித்துக்கொண்டாள்.

"முகம் தெரியாதவங்க போன்ல சொல்றத எல்லாம் நம்பறீங்க. பக்கத்துல உக்காந்து சொன்னேனே, என்னை மட்டும் ஏன்க்கா நம்பல?"