முதலில் வைத்த பேட்டரி

"எங்கப்பா பேட்டரிய என் வீட்டுக்காரர்தான் கெடுத்துட்டாரு. நிரூபிச்சுக் குடுங்க" என்று அந்தப் பெண் உட்காரும் முன்பே சொன்னாள்.

கைப்பிடியைச் சுழற்றிக் காரைக் கிளப்பும் காலம் முடிந்து, பொத்தானை அமுக்கினால் பேட்டரியே இன்ஜினைச் சுழற்றும் வண்டிகள் வரத் தொடங்கியிருந்தன. கார் கம்பெனி ஒன்று மூன்று பேட்டரிகளை ஒப்பிட்டுச் சோதித்தது. அவற்றில் ஒன்று அவள் அப்பா தன் பட்டறையில் கையால் செய்தது. சோதித்தவர் அவள் கணவர். அப்பாவின் பேட்டரி ஆறாவது முயற்சியில் படுத்துவிட்டது. மற்ற இரண்டும் பத்தைத் தாண்டின. இன்று மாலை ஐந்து மணிக்குள் சோதனையில் தவறு என்று காட்டினால் மறுசோதனை உண்டு. இல்லையென்றால் ஆர்டர் போய்விடும்; பட்டறைக்கும் பூட்டுதான். மூன்று நாளாக அவள் அப்பா வீட்டில் இருந்தாள்.

காப்பீட்டுக் கம்பெனிக்காக விபத்துகளைத் துருவி ஓய்வு பெற்ற புலனாய்வாளர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அவர் தங்கையோ அதற்குள் குறிப்பேட்டைத் திறந்திருந்தாள்.

"ஆசிட்ல தண்ணி கலந்திருப்பாரு, அண்ணா."

"தீர்ப்பே எழுதிட்டியா? கொஞ்சம் மூச்சு விடு."

கார் கம்பெனியின் சோதனைக் கொட்டகையில் குளிர் எலும்பைக் குடைந்தது. நடுவில் இரும்புச் சட்டத்தில் ஓர் இன்ஜின். அதில் எரிபொருள் கிடையாது. பேட்டரி சுழற்றினால்தான் சுழலும். மூன்று பேட்டரிகளையும் ஒரே பனிப்பெட்டியில் வைத்து, ஒரே காலையில், அடுத்தடுத்து அந்த இன்ஜினில் மாட்டியதாகக் கணவர் சொன்னார். தங்கை ஆசிட்டைப் பற்றிக் கேட்டாள். அவர் ஆசிட்டின் அடர்த்தியை அளந்த கணக்கை நீட்டினார். மூன்றும் ஒன்றுபோல இருந்தன. பக்கத்திலேயே கம்பெனி மேலாளரின் கையெழுத்து. தங்கைக்கு முகம் தொங்கிப்போயிற்று.

ஒவ்வொரு முயற்சியிலும் இன்ஜின் எத்தனை சுற்று சுற்றியது என்ற கணக்கை மட்டும் அண்ணன் இரண்டு தடவை படித்தார். முதலில் சோதித்தது அப்பாவின் பேட்டரி: ஏழு, ஒன்பது, பதினொன்று, பன்னிரண்டு, எட்டு, மூன்று. அடுத்தது பதினான்கில் தொடங்கிப் படிப்படியாக இறங்கியிருந்தது. மூன்றாவதும் அப்படியே.

நான்கு மணிக்கு மேலாளரையும் அப்பாவையும் மகளையும் கொட்டகைக்கு வரச் சொன்னார்.

"வேலை செய்யச் செய்ய பேட்டரிக்குத் தெம்பு கூடுமா?" என்று அப்பாவைக் கேட்டார்.

"எப்படிங்க கூடும்? குறையத்தான் செய்யும்."

"உங்களோடது ஏழுல ஆரம்பிச்சுப் பன்னெண்டுக்கு ஏறியிருக்கு. அப்ப மாறினது இன்ஜின். குளிர்ல கிடந்து எண்ணெய் பிசினாட்டம் இறுகியிருந்துச்சு. அத இளக்கியே உங்க பேட்டரி செத்துப்போச்சு. மத்த ரெண்டும் இளகின இன்ஜினச் சுத்திப் பேர் வாங்கிடுச்சு. யாரும் எதையும் கெடுக்கல."

எதற்கு அதை முதலில் வைத்தீர்கள் என்று கணவரைக் கேட்டார்.

"மாமாவோடதாச்சே" என்றார் அவர். "பெரியவர் பொருளப் பின்னாடி வைக்க மனசு வரல."

மேலாளர் நியாயமான மனிதர். நாளையே மறுபடி சோதிக்கலாம், இந்த முறை இன்ஜினை ஆறவிட்டுத்தான் ஒவ்வொன்றும் என்றார். தங்கைக்கு உயிர் வந்தது. அப்பா குறுக்கிட்டார்.

"எத வெச்சுச் சோதிப்பீங்க? காலையிலதான் அத அறுத்துப் பாத்தேன். எங்க தப்புப் பண்ணேன்னு தெரியணும்ல. தகட்டுல ஒரு குறையும் இல்ல."

இன்னொன்று செய்ய ஒரு மாதம் ஆகும். அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது என்று மேலாளர் தரையைப் பார்த்துச் சொன்னார்.

மகள் கணவரிடம் போய் நின்றாள். "இது உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

அவர் கணக்குத் தாளை மடித்தார். "ரெண்டாவது பேட்டரி எடுத்த எடுப்புல பதினாலு சுத்தினப்பவே."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா, மாமனாருக்காகச் சலுகை காட்டுறான்னு பேசுவாங்க."

"காசு வாங்கிட்டுக் கெடுத்திருந்தாக்கூட ரெண்டு திட்டு திட்டிட்டு வீட்டுக்கு வந்திருப்பேன்" என்று சொல்லிவிட்டு, அவள் அப்பாவை அழைத்துக்கொண்டு வெளியேறினாள்.

ஐந்து மணிக்கு மேலாளர் இரண்டாவது பேட்டரிக்காரர் பெயரில் ஆர்டரை எழுதினார். சோதித்தவர் என்ற இடத்தில் கையெழுத்து வேண்டியிருந்தது. கணவர் பேனாவை வாங்கிப் போட்டார்.