தோள்துணி முடிச்சு

முடிச்சு அவுரவே மாட்டேங்குதுடி நினிங். நகம் பேந்து ரத்தம் வருது, பல்லால கடிச்சும் பாத்துட்டேன். போன வச்சுராதடி. மருத்துவச்சி பிரசவம் பாக்குற வீட்டு பாத்ரூம்ல ஒளிஞ்சிருக்கேன். மெதுவாத்தான் பேச முடியும்.

வெளிய சித்திக்கு வலி. பிள்ளை பொறக்குற அன்னிக்கு வீட்ல எல்லாத்தையும் தொறந்து போடணும்ல, கதவு, பீரோ, அரிசி டப்பா மூடிகூட. காலைல அப்பா எங்கிட்டதான் சொன்னார். "கினந்தி, ஒரு முடிச்சுகூட இருக்கக் கூடாதும்மா. தம்பி சிக்காம வரணும்."

எல்லாத்தையும் தொறந்தேன். அப்புறம், செத்துப்போன எங்கம்மாவோட தோள்துணி நுனியில ஒரு முடிச்சுப் போட்டு பாவாடைப் பைக்குள்ள திணிச்சுக்கிட்டேன்.

ஏன்னு கேக்காத. என் ரூமுக்கு அவனுக்காக மஞ்சப் பெயின்ட் அடிச்சாச்சு. கடைசித் துண்டு பொரிச்ச சோயா தெம்பேகூட அந்த வயித்துக்குத்தான். நான் சாப்டேனான்னு அப்பா கேட்டு எத்தன மாசம் ஆச்சு தெரியுமா?

மருத்துவச்சி முர்னி அக்கா சித்தி வயித்துல பெல்ட்டு கட்டி மெஷினப் போட்டாங்க. டுக்கு டுக்கு டுக்குன்னு, குதிரை ஓடுற மாதிரி. அப்பா அழுதுட்டார். "பாரு, உன் தம்பி பேசுறான்!"

எனக்கு அப்பிடி எரிஞ்சுது. பைக்குள்ள கைய விட்டு முடிச்ச இறுக்குனேன்.

சத்தம் மெதுவாச்சு.

விட்டேன். திரும்ப ஓடுச்சு.

"வலி வந்தா கொஞ்சம் எறங்கும், அப்புறம் ஏறிரும். நீங்க ஏண்ணே மூச்சப் புடிக்கிறீங்க, பெத்துக்கப் போறது நீங்களா?"ன்னு முர்னி அக்கா கிண்டலடிச்சாங்க. அப்பா சிரிச்சுக்கிட்டே சித்தி நெத்தியில முத்தம் குடுத்தார்.

அதப் பாத்துக்கிட்டே இன்னொரு தடவ இறுக்குனேன். முழு பலத்தோட.

மெஷின்ல நூத்தி நாப்பது. தொண்ணூறு. அறுபது.

ஏறல.

இங்க ஓடி வந்து கதவிடுக்கு வழியா பாக்குறேன், இப்ப யாரும் சிரிக்கல. பெல்ட்ட நகத்தி நகத்தித் தேடுறாங்க. "இங்கதான இருந்துச்சு... இங்கதான்..." மெஷின்ல வெறும் இரைச்சல். ஆம்புலன்சுக்குக் கத்துறாங்க. சித்தி கூப்பிடுறா. அப்பாவ இல்லடி. என்னத்தான். "கினந்தி, எங்க போன? வந்து என் கையப் புடிச்சுக்கோ."

நினிங்.

முடிச்சு சூடாயிருக்கு.

துடிக்குது. என் கை நாடி இல்ல, தரையில வச்சுப் பாத்துட்டேன். தரையிலயும் துணி எகிறுது. சின்னதா. வேகமா. டுக்கு டுக்கு டுக்கு.

ஒரு இழை மட்டும் இப்ப நெகிழ்ந்திருக்கு. இழுத்தா அவுந்துரும்.

அவுத்தா இந்தத் துடிப்பு அவன்கிட்டயே திரும்பிப் போயிருமா, இல்ல இங்கயே, என் கையிலயே, நின்னே போயிருமா?