வாங்க சொல்லாத மருமகள்

காலையிலேயே மாரப்பன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். முள்கரண்டியால் குத்தினால் இட்லி உடைந்து சட்னியில் விழுகிறது. அதற்கு அவன் மனைவி மயிலாத்தாள்தான் பொறுப்பு.

"டூ சாஃப்ட்," என்றான். பிறகு கைக்குட்டையில் மூக்கைச் சிந்தி, சிந்தியதை நாலாக மடித்து, நகையைப் போலச் சட்டைப்பையில் பத்திரப்படுத்தினான். அதைத் துவைக்கப்போகிறவளும் மயிலாத்தாள்தான். மூக்கைச் சிந்தி வேலியோரம் எறிகிறவன் காட்டான்; மடித்து வைத்துக்கொள்கிறவன் சீமான். இந்த நாகரிகத்துக்காகத்தான் அவள் பிறந்த வீட்டுச் சீராக வந்த எருமைகள் ஒவ்வொன்றாகச் சந்தைக்குப் போயின.

கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்துச் சித்தூரில் ஒரு டுட்டோரியலில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவன் மாரப்பன். "பாஷைங்கறது அந்த ஊர்ல போயி இருந்தாத்தான் பழுக்கும்," என்று எழுபத்திரண்டில் லண்டனுக்குக் கிளம்பினான். அவன் அங்கே இருந்த இரண்டு வருஷமும் ஊரில் கடலைக்காட்டையும் கிணற்றையும் மாமியாரையும் கட்டி மேய்த்தவள் மயிலாத்தாள்.

அவன் பழுத்த கதை, திரும்பி வந்த பிறகு ஒரு நாள் ரசத்தில் வெளிப்பட்டது. "லண்டன்ல நம்ம செட்டிபாளையத்தார் ஊட்டுல தெனமும் வெப்பாங்க, அது ரசம்..." என்று அவள் வைத்த ரசத்தின்மேல் இருந்த கோபத்தில் தமிழில் கொட்டிவிட்டான். தங்கியது அந்த வீட்டு மாடியில், தின்றது அந்த வீட்டுச் சோறு. வெள்ளைக்காரர்களை அவன் பஸ்ஸில்தான் பார்த்திருப்பான் போலிருக்கிறது.

இதையெல்லாம் அவள் பொறுத்திருப்பாள். பொறுக்க முடியாதது அவன் போட்ட சட்டம். நாலு வயது மகள் தெய்வானையை டெய்சி ஆக்கினான். "கொழந்தை காதுல தமிழ் உழுந்தா இங்கிலீஷ் வராது. அது பக்கத்துல இருக்கறப்ப நீ வாயத் தொறக்கப்படாது. தொறந்தயின்னா ஊட்டி போர்டிங்ல கொண்டுபோயி உட்ருவேன்."

மாமியார் கருப்பாத்தாளும் ஒத்து ஊதினாள். "சீமைக்குப் போனவன் சொன்னாச் செரியாத்தான் இருக்கும். உனக்கென்ன தெரியும்?"

அன்றிலிருந்து மயிலாத்தாள் ஜாடையில் சோறூட்டினாள், ஜாடையில் தூங்கவைத்தாள். குழந்தை அவள் இடுப்பைவிட்டு இறங்காமல் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நாளில் அதுவும் பேச்சை நிறுத்திவிட்டது.

"உள்ளுக்குள்ள இங்கிலீஷ் ஊறிட்டிருக்குது," என்றான் மாரப்பன்.

இட்லி உடைந்த அன்றைக்கு அவன் தங்கை ராசம்மாளைப் பெண் பார்க்க வேலந்தாவளத்திலிருந்து வந்திறங்கினார்கள். முன்னால் மாப்பிள்ளையின் அப்பா ஆறுமுகசாமி, பின்னால் அம்மா கமலாத்தாள், அதற்கும் பின்னால் ஒரு வண்டிச் சொந்தம். வீட்டு மருமகள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து 'வாங்க' என்று சொன்னால்தான் வாசல் தாண்டுகிற சனம். மயிலாத்தாள் இடுப்பில் குழந்தையும் கையில் தண்ணீர்ச் சொம்புமாக நின்றாள். சிரித்தாள். சொம்பை நீட்டினாள். வாய் திறக்கவில்லை.

"வெல்கம், வெல்கம்," என்றான் மாரப்பன்.

கமலாத்தாள் சொம்பை வாங்கவில்லை. "உம் பேரென்ன அம்மிணி?" என்று குழந்தையின் கன்னத்தைத் தொட்டாள். குழந்தை அப்பனைப் பார்த்தது, அம்மாவைப் பார்த்தது, முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

கமலாத்தாள் புருஷன் பக்கம் திரும்பினாள். "ஏனுங்க, தாயும் ஊமை, மகளும் ஊமையாட்ட இருக்குதுங்க."

"நோ நோ, ஷீ கேன் டாக். இட் ஈஸ் எ மெத்தட்," என்றான் மாரப்பன்.

"இவரு என்ன சொல்றாரு?"

"ஆருக்குத் தெரியும். இவருக்கும் வாயி கொளறுது." ஆறுமுகசாமி துண்டை உதறித் தோளில் போட்டார். "சீமைக்குப் போயி வந்த பையனுக்கு ஒரு ஊமைப் புள்ளையக் கட்டி வெச்சிருக்கறாங்கன்னா, இந்த ஊட்டுல வெளிய தெரியாத கொறை என்னமோ இருக்குது. வாங்க போலாம்."

கருப்பாத்தாள் பதறி ஓடிவந்து மருமகளின் கையைப் பிடித்தாள். "மயிலா... தாயி... ஒரு வார்த்தை பேசு. உங் காலுல வேணும்னாலும் உழுகறேன்."

மயிலாத்தாளுக்கு அந்தக் கை கூசியது. நேற்றுவரை வாயை மூடு என்று காட்டிய கை. கதவுக்குப் பின்னால், தலை நிறையப் பூவோடு ராசம்மாள் அழுதுகொண்டிருந்தாள். அந்தப் பெண் என்ன பாவம் செய்தாள்? ஆனால் பேசினால் குழந்தை ஊட்டிக்குப் போய்விடும். அவள் புருஷனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கருப்பாத்தாளுக்கு அந்தப் பார்வை புரிந்தது. "டேய் மாரப்பா, ஊட்டியும் வேண்டாம் கீட்டியும் வேண்டாம்னு சொல்லுடா. இத்தன பேரு முன்னால சொல்லு. அவங்களுக்குப் புரியற மாதிரி சொல்லு."

மாரப்பன் மனைவி பக்கம் திரும்பினான். "பேசு மயிலா... கொழந்தைய எங்கயும் அனுப்பல." சுத்தமான கொழிஞ்சாம்பாறைத் தமிழ். லண்டன் அதில் ஒரு கீறல்கூடப் போட்டிருக்கவில்லை.

"வாங்க மாமா," என்றாள் மயிலாத்தாள். "வாங்க அத்தை. வாங்கக்கா, உள்ள வாங்க." ஒருவரையும் விடவில்லை. கடைசியில் குழந்தையின் முகவாயைத் தூக்கினாள். "நீயும் சொல்லு சாமி."

குழந்தை அப்பனைப் பார்த்தது. அப்பன் தரையைப் பார்த்தான்.

"வாங்க," என்றது குழந்தை, கம்மிய குரலில்.

கமலாத்தாள் சொம்பை வாங்கிக்கொண்டாள். "பேச்ச இப்பிடிப் பூட்டி வெச்சு ஒரு வெளையாட்டா உங்களுக்கு?" ஆறுமுகசாமி செருப்பைக் கழற்றினார். பொழுது சாய்வதற்குள் பேச்சு முடிந்து ராசம்மாளுக்குப் பூ வைத்தார்கள்.

வண்டி போனதும் கருப்பாத்தாள் மருமகளைக் கட்டிக்கொண்டு குலுங்கினாள். "எங் குலத்தக் காப்பாத்துன மகராசி... உன்னய என்ன பேச்செல்லாம் பேசுனேன்..." மூக்குப்பொடியும் வியர்வையும் கலந்த வாடை அடித்தது. மயிலாத்தாள் அசையாமல் நின்றாள். பெரியவள், அழுதுவிட்டுப் போகட்டும்.

"நானும் நல்லதுக்குத்தான் மயிலா..." என்று மாரப்பன் பக்கத்தில் வந்து நின்றான்.

"சோறு எடுத்து வெச்சிருக்குது. போயி உண்ணுங்க."

குழந்தை அவள் தோளில் ஏறி, காதோடு வாயை ஒட்டிக்கொண்டு பேச ஆரம்பித்திருந்தது. கோழி அடைகாத்தது, கிணற்றுமேட்டில் பாம்பு போனது, கனவில் அம்மா சத்தம் போட்டுக் கூப்பிட்டது... ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு வந்து விழுந்தன. மாமியார் ஒரு பக்கம் அழுதுகொண்டேயிருந்தாள். அது மயிலாத்தாள் காதில் விழவில்லை.

"அப்பறம்?" என்றாள் குழந்தையிடம்.